பூரணி நின்ற நிலை

எண்பத்தாறாம் ஆண்டில் இல்ஃபோர்ட்டில் அம்பலவாணனைத் தெரியாத யாழ்ப்பாணத்தார் ஒருவரும் இருந்திருக்க முடியாது. முகத்தைத் தெரியாதவர்களுக்கும் வேலையைத் தெரியும். "மாட்டுப் பண்ணையில நிக்கிறார்" என்று சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார்கள். பெற்றோல் ஸ்டேசனில் நின்று பன்றியிறைச்சி சாண்ட்விச் விற்றவர்களும், பொரித்த கோழிக் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வெந்தவர்களும் அந்த ஊரில் சைவர்களாகவே நடமாடினார்கள். அம்பலவாணன் மட்டும் மாடு வெட்டுகிறவராகிவிட்டார்.

மனிதர் தன் வாழ்நாளில் மச்சம் மாமிசம் தொட்டதில்லை. முட்டை போட்ட கேக்கைக்கூட மணந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அச்சுவேலிப் பக்கத்துக் குடும்பம். தகப்பன் வண்டிச் சவாரிக்கு மாடு வளர்த்தவர். பந்தயத்தில் வென்ற மாட்டுக்கு உழுந்தும் எள்ளுப் பிண்ணாக்கும் கொடுத்து, அது கிழடாகி விழுந்தாலும் விற்காமல், குழி வெட்டித் தாழ்ப்பது அங்கே வழக்கம். ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு வந்த கேட்டின் வேர் இதற்குள்தான் இருந்தது. வென்ற மாட்டை எவனும் வெட்டமாட்டான் என்று அவர் நம்பினார். மாட்டுக்கு வைக்கிற தீன் என்றால் அது மண்ணில் முளைத்ததாகத்தான் இருக்கும் என்றும் நம்பினார். இரண்டையும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் இரண்டையும் சந்தேகிக்கவும் தெரியவில்லை.

எண்பத்தைந்தில் அகதியாக வந்திறங்கியபோது கிடைத்த முதல் வேலை ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுவது. ஆட்டுக் கொழுப்புப் படிந்த சட்டிகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். வீட்டுக்கு வந்தால் தலையில் முழுகாமல் சுவாமிப் படத்துக்குக் கிட்டப் போகமாட்டார். பெண்சாதி தவநாயகி, "சட்டியைக் கழுவினால் சாதியா போகுது?" என்று சலித்துக்கொண்டாலும், சுடுதண்ணி போட்டுக் கொடுக்கத் தவறியதில்லை. அந்த நரகத்திலிருந்து அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தவன் பீற்றர்.

பீற்றர் மன்னார்க் கத்தோலிக்கன், அவரைவிடப் பத்து வயது இளையவன். ரொம்ஃபோர்ட்டையும் தாண்டி, பஸ் கடைசியாக நிற்கிற இடத்திலிருந்து நடந்தால், லண்டன் என்று எழுதிய எல்லைக்குள்ளேயே வேலியும் புல்லும் சேறுமாக ஒரு நாட்டுப்புறம் இருக்கிறது. அங்கே டட்லி என்ற கிழவனிடம் அவன் வேலைக்கு நின்றான். டட்லி வளர்த்தது இறைச்சி மாடு. எதிர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹேஸல்வுட் ஒரு ஆளைத் தேடுகிறார் என்று பீற்றர்தான் வந்து சொன்னான். அம்பலவாணன் போய்ப் பார்த்தார். பார்த்த கணமே அவருடைய மனம் அங்கே விழுந்துவிட்டது.

ஹேஸல்வுட் வைத்திருந்தது சாரொலே என்ற பிரெஞ்சு இனம். பால் வெள்ளை. பெரிய உடம்பு, சின்னக் கொம்பு, சாந்தமான கண். ஒவ்வொன்றுக்கும் பெயர், தாய்வழி தந்தைவழி எல்லாம் இருந்தன. அவற்றை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, காற்று ஊதுகிற மெசினால் உலர்த்தி, கால் மயிரை மேல்நோக்கிச் சீவி, முதுகு மயிரை மட்டமாகக் கத்தரித்து, கோடை முழுவதும் ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். வட்டத் தொப்பி போட்ட நடுவர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, பிடித்த மாட்டின் பிட்டத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டு வாங்கிய மாட்டுக்குச் சிவப்பு ரிப்பன் பூ. இதைக் கண்டதும் அம்பலவாணனுக்குச் சவாரித் திடல் நினைவுக்கு வந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, "இது வெட்டுற மாடில்லை, தவம். காட்டுற மாடு" என்றார். அவருடைய வாழ்க்கையில் பெரிய தவறு அந்த வசனத்தில்தான் தொடங்குகிறது.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஹேஸல்வுட், அந்தப் பக்கம் டட்லி. டட்லியின் மாடுகளுக்குப் பெயர் கிடையாது, காதில் தகடு மட்டும். கறுப்பும் சிவப்பும் கலந்த கலப்புச் சாதி. முழங்கால் வரைக்கும் சேற்றோடு நிற்கும். காளை அவற்றோடு அவிழ்த்துவிட்டபடி திரியும். பசுக்கள் வேலியோரத்தில் தாங்களாகவே கன்று போட்டுவிட்டு, காலையில் ஆட்கள் போகும்போது நக்கிக்கொண்டு நிற்கும். கோடையில் புல், மாரியில் அதே புல்லைப் புளிக்க வைத்த தீன். அதற்கு மேல் ஒரு பிடி கொடுக்க டட்லிக்கு மனம் வராது. அவ்வளவு கஞ்சன்.

ஹேஸல்வுட்டின் பக்கம் எல்லாம் வேறு. கன்றுக்குத் தாய்ப்பால் போதாதென்று பால் மாடு ஒன்றையும் வளர்ப்புத் தாயாகச் சேர்த்துவிடுவார்கள். அதற்கும் மேலே மூட்டை மூட்டையாக மண்ணிறக் குளிகைத் தீன். கன்றுகள் மெத்தை போலப் பொங்கிவரும். வயிற்றில் இருக்கும்போதே பெருத்துவிடுவதால் பாதிப் பசுக்களுக்கு வைத்தியர் வந்து வயிற்றைக் கீறித்தான் கன்றை எடுக்க வேண்டும். காளைகள் தங்கள் பாரத்தைத் தாங்களே தாங்க முடியாமல் நொண்டும். டட்லி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இதெல்லாம் கலியாணக் கேக் மாதிரி, வெட்டும்வரை அழகு என்று சிரிப்பாராம். அம்பலவாணன் அதைக் கஞ்சனின் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட்டார்.

இன்னொன்றையும் அவர் தள்ளிவிட்டார். பிறந்த கன்றுகள் எல்லாமே வளையத்துக்குள் போவதில்லை. ஒன்றுக்குக் கால் கொஞ்சம் உள்வளைவு, இன்னொன்றுக்கு முதுகில் சின்னக் குழி, வேறொன்றுக்கு நடை சரியில்லை. அப்படிக் கழிந்தவைதான் அதிகம். அவற்றை ஏற்ற ஒரு லொறி வரும். ஹேஸல்வுட்டின் முற்றத்தில் ஏற்றிக்கொண்டு, அதே லொறி ரோட்டைக் கடந்து டட்லியின் முற்றத்துக்கும் போகும். லொறிச் சத்தம் கேட்டால் அம்பலவாணனுக்குக் கொட்டில் கழுவுகிற வேலை ஞாபகம் வந்துவிடும். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றுகொள்வார்.

பீற்றருக்கு இது தெரியும். ஒருநாள் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "அண்ணை, உங்கட மாட்டுக்கும் எங்கட மாட்டுக்கும் ஒரு வித்தியாசம்தான். உங்கட மாடு குளிச்சுப்போட்டுப் போகுது."

அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. "நீ வேதக்காறன். உனக்கு இது விளங்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். உதவி செய்தவனிடம் அப்படிப் பேசலாமா என்று அவருடைய மனம் ஒரு தடவையாவது கேட்டிருக்கும். கேட்டதை அவர் கவனிக்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசத்தை அவர் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் என்றால், கோயில்தான் காரணம். இல்ஃபோர்ட்டில் ஒரு பழைய பட்டறையை வாங்கி, எங்கள் ஆட்கள் கோயிலாக்கியிருந்தார்கள். வருசத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசைச் செலவு அவர்களுடையது. அதற்குப் பதிலாக, குருக்கள் வீட்டுத் தலைவரின் நெற்றியில் பரிவட்டம் கட்டி, எல்லாருக்கும் முன்னால் முதல் மரியாதை செய்வார். அம்பலவாணனும் உபயம் கேட்டார். இந்த முறை எல்லாம் நிரம்பிவிட்டது என்றார் சபைத் தலைவர் பரமேஸ்வரன். மறு வருசமும் நிரம்பிவிட்டது. கணக்காளர் அல்லவா, நிரம்பிய கணக்கை அவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? அன்னதான மடத்தில் மரக்கறி வெட்டப் போன தவநாயகியிடம், "நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம்" என்று கத்தியை மெதுவாக வாங்கி வைத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குள் போய் அழுதாள். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைத் தள்ளிவைக்க வாய் திறக்கவே தேவையில்லை. அந்தக் கலையில் எங்களை வெல்ல ஆளில்லை.

அன்றிலிருந்து அம்பலவாணனுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். தான் சுத்தமானவன் என்று தன் சனத்தின் வாயால் கேட்க வேண்டும். அதை அவருக்கு வாங்கித் தரப் பிறந்ததுபோல முன்பே வந்து சேர்ந்திருந்தாள் பூரணி.

அவர் வேலைக்குச் சேர்ந்த வருசம் பிறந்த கன்று அது. பதிவுப் புத்தகத்தில் அதற்கு நாக்கில் நுழையாத ஒரு பெரிய பெயர். அவர் பூரணி என்று கூப்பிட்டார். மற்றக் கன்றுகளுக்குத் தொட்டியில் கொட்டுகிற குளிகைத் தீனை, இதற்கு மட்டும் கையில் அள்ளி ஊட்டினார். எள்ளுப் பிண்ணாக்கை மெசினில் இடித்து உருட்டினால் இப்படித்தான் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். வாசனை கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் ஊர் எள்ளுக்கு அப்படி ஒரு வாசனையாக்கும் என்று விட்டுவிட்டார்.

நிற்கப் பழக்கியதும் அவர்தான். தலைக்கயிற்றைப் பிடித்துத் தாடைக்குக் கீழே நாடியை உயர்த்தினால், நாலு காலையும் சதுரமாக ஊன்றி, முதுகை மட்டமாக்கி, அசையாமல் நிற்க வேண்டும். கால் தப்பினால் நீளத் தடியால் குளம்பைத் தொட்டுச் சரிசெய்து, அதே தடியால் வயிற்றை வருடிக் கொடுப்பார். பூரணி விரைவில் பழகிவிட்டது. பிறகு தடியே தேவைப்படவில்லை. நாடியில் கை பட்டால் போதும், சிலைதான். எண்பத்தொன்பதிலும் தொண்ணூறிலும் அது போன இடமெல்லாம் வட்டத் தொப்பிக்காரர்கள் தட்டினார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கறுப்புத் தமிழன் வெள்ளைப் பசுவோடு நிற்கிற படம் பண்ணைக்காரரின் பேப்பரில் வந்தது.

அதே தொண்ணூறில்தான் மாடுகளுக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்ற கதை ரீவியில் நாள் தவறாமல் ஓடத் தொடங்கியது. கால் தள்ளாடி விழுகிற பசுவைக் காட்டினார்கள். செத்த ஆடுமாடுகளின் எலும்பையும் இறைச்சியையும் காயவைத்து இடித்து மாட்டுத் தீனில் கலந்ததால் வந்த வினை, அதை இரண்டு வருசத்துக்கு முன்பே தடைசெய்தாகிவிட்டது என்றார்கள். கோயில் வாசலில் அம்பலவாணனைக் கண்டவர்கள் ஒரு மாதிரிச் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. அது கண்ட கண்ட இறைச்சிப் பண்ணையில் மலிவுத் தீன் போடுகிறவனுக்கு வருவது, ஆயிரம் கண் பார்க்கிற மாட்டுக்கு யாராவது அப்படிப் போடுவானா என்று விளக்கம் கொடுத்தார். விளக்கம் கொடுத்தாரே தவிர, ஹேஸல்வுட்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

தொண்ணூற்றொன்றில் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கோபூசைக்குக் கன்றோடு ஒரு பசு வேண்டும். லண்டனில் பசுவுக்கு எங்கே போவது? வாசலை மிதித்தறியாத பரமேஸ்வரன் அம்பலவாணனின் வீட்டுக்கு வந்தார். தவநாயகி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். பசு வெள்ளையாக இருந்தால் விசேசம் என்றார். ஹேஸல்வுட்டுக்கும் பேப்பரில் இன்னொரு படம் வருமென்று சந்தோசம், உடனே சம்மதித்தார்.

அன்றைய நாளை இல்ஃபோர்ட் மறக்காது. ரோட்டில் வைக்கோல் பரப்பி, பொலிஸ்காரன் வாகனங்களை மறிக்க, ரெய்லரிலிருந்து பூரணி கன்றோடு இறங்கினாள். அதற்கு முதல் நாள் ஷாம்பு போட்டு, வாலை உலர்த்திச் சீவியிருந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், கொம்பில் பட்டு. கோயில் வாசலில் மேளம் முழங்கியது. சனத்தைக் கண்டதும் பசுவுக்கு இதுவும் ஒரு கண்காட்சி வளையம் என்ற எண்ணம். அம்பலவாணன் நாடியை உயர்த்தினார். நாலு காலையும் சதுரமாக ஊன்றி, தலையைத் தூக்கி, மூலஸ்தானத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. "சுவாமியைக் கண்டதும் நிண்ட நிலையைப் பாருங்கோ" என்று ஒரு மனுசி விம்மினாள். தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கன்றுக்கு மிச்சம் வைத்துக் கறந்த கொஞ்சப் பாலும், கோசலமும், சாணமும் சேர்த்துக் குருக்கள் பஞ்சகவ்வியம் கூட்டினார். சனம் வரிசையில் நின்று, உள்ளங்கையில் ஒரு துளி வாங்கிக் குடித்தது. பரமேஸ்வரன் இரண்டு தரம் வாங்கினார்.

அதன் பிறகு அம்பலவாணன் பூரணி அம்பலவாணன் ஆகிவிட்டார். பசுவும் அவரும் பரமேஸ்வரனும் நிற்கிற படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டினார்கள். தவநாயகியின் கையில் மரக்கறிக் கத்தி மட்டுமல்ல, அகப்பையும் வந்தது. உபயத்துக்கும் ஒரு நாள் பார்த்துத் தருகிறோம் என்றார்கள். மனிதர் தலைகால் தெரியாமல் நடந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அந்தக் கொஞ்சக் காலம் நல்ல காலம்தான்.

தொண்ணூற்றிரண்டு மாரியில் பூரணி படலையைக் கண்டு மிரண்டாள். தினமும் போய்வருகிற வாசல் படலை. மூக்கை ஓயாமல் நக்கினாள். வாளிச் சத்தத்துக்குத் துள்ளினாள். சனத்தின் கண் பட்டுவிட்டது என்று அம்பலவாணன் செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். சாணம் அள்ளக் குனிந்தபோது, ஒருநாளும் உதைக்காத பசு உதைத்தது. பின்கால்கள் பின்னத் தொடங்கின. அவர் இரவில் கட்டுகிற இடத்தை மாற்றி, மற்றவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தார். தன் கண்ணில் படாமல் வைக்கத்தான் வழி தெரியவில்லை.

வேலிக்கு அப்பால் நின்ற பீற்றர் பார்த்துவிட்டான். அன்று அவன் பகிடி விடவில்லை. "அண்ணை, வைத்தியரைக் கூப்பிடுங்கோ. ஒளிச்சு வைக்கேலாது" என்றான்.

வைத்தியரும் அரசாங்க ஆட்களும் வந்தார்கள். கன்றாக இருந்தபோது என்ன தீன் வைத்தது என்று கேட்டார்கள். ஹேஸல்வுட் ஒளிக்கவில்லை. ஒளிக்க ஏதும் இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை. குளிகைத் தீனில் இறைச்சித் தூளும் எலும்புத் தூளும் இருந்தன, அப்போது சட்டம் தடுக்கவில்லை, எல்லாரும் போட்டார்கள், இல்லாவிட்டால் கன்று அந்த அளவுக்கு எப்படி வரும் என்று சாதாரணமாகச் சொன்னார். அம்பலவாணன் மெதுவாகக் கேட்டார், எந்த இறைச்சி என்று. ஆடு, மாடு, வெட்டுகிற இடத்தில் மிஞ்சுகிற எல்லாம் என்றார் ஹேஸல்வுட்.

அம்பலவாணன் குழாயடிக்குப் போனார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி கழுவினார். காலையில் திருநீறு பூசுகிற கை. அந்தக் கையால் அள்ளி அள்ளி, மாட்டுக்கு மாட்டை ஊட்டியிருக்கிறார். கழித்துவிட்ட கன்றுகள் லொறியில் ஏறிப் போய், இடிபட்டு, மூட்டையாகத் திரும்பி வந்து பூரணியின் வாய்க்குள் போயிருக்கலாம். சட்டி கழுவிய காலத்திலும் அவர் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. ரோட்டுக்கு அப்பால் கஞ்சன் டட்லியின் பெயரில்லாத மாடுகள், அசல் இறைச்சி மாடுகள், புல்லை மட்டும் தின்று சேற்றில் சுகமாக நின்றன. யார் சைவம், யார் அசைவம் என்று இனி யாரிடம் போய் வாதாடுவது?

பசுவைப் பண்ணையிலேயே முடித்து, உடம்பை எரிக்கக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அது யாரையும் கிட்ட விடவில்லை. ஊசி போடவும் ஏலவில்லை. நீங்கள் பிடித்தால்தான் நிற்கும் என்று ஹேஸல்வுட் சொன்னார். அம்பலவாணன் மறுக்கவில்லை. கொட்டிலுக்குள் போய்த் தலைக்கயிற்றை மாட்டினார். முற்றத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குள் இரண்டு தரம் விழுந்து எழும்பியது. பழக்கதோசத்தில் அவருடைய கை நாடியை உயர்த்திவிட்டது.

பூரணி நிற்கப் பார்த்தாள். நடுங்குகிற பின்காலை ஊன்ற, அது வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். தலை தூக்கினபடியே இருந்தது. கண்ணில் பயம் நிறைந்திருந்தது. ஆனாலும் படிப்பித்த பாடத்தை விடவில்லை. நாலு காலும் ஒரு கணம் சதுரமாக நின்றன. அந்தக் கணத்துக்குத்தான் காத்திருந்தவர்கள்போல, அவர்கள் தங்கள் வேலையை முடித்தார்கள். அம்பலவாணன் கையில் கயிறு மட்டும் மிஞ்சியது. அவர் வாய்விட்டு அழுதார். வெள்ளைக்காரர் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

அந்தக் கிழமையே ஹேஸல்வுட்டிடம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். பீற்றர் டட்லியிடம் கதைத்து வேலை வாங்கிக் கொடுத்தான். பழசைக் குத்திக்காட்டாமல் கொடுத்தான். அம்பலவாணன் ரோட்டைக் கடந்து, உண்மையாகவே வெட்டுக்குப் போகிற மாடுகளுக்குப் புல் போடத் தொடங்கினார். லொறி வரும் நாளில் இப்போது அவர் குழாயைத் திறப்பதில்லை. படலையைத் திறந்து பிடிக்கிறார்.

பிறகு ஒருநாள் பரமேஸ்வரன் மறுபடியும் வீட்டுக்கு வந்தார். எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பாலில் அந்த வியாதி வராது என்று வைத்தியர் தன்னிடம் சொன்னதை அம்பலவாணன் சொன்னார். பரமேஸ்வரனுக்குப் பாதி ஆறுதல்தான். இதைச் சபையில் எழும்பிச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றும் அம்பலவாணன் சொன்னார்.

பரமேஸ்வரன் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "வாயைத் திறக்காதேங்கோ, அம்பலவாணன். சனம் பஞ்சகவ்வியம் குடிச்சது. பிள்ளையளும் குடிச்சது. கோயிலின்ர பேர் என்னாகிறது?" குரலைத் தாழ்த்தி, "இந்த வருசம் ஐஞ்சாந் திருவிழா உங்கட உபயம். நான் சபையில கதைச்சிட்டன்" என்றார்.

குசினி வாசலில் நின்ற தவநாயகி புருசனின் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை அவரால் தள்ளிவிட முடியவில்லை. கத்தியை வாங்கி வைத்த நாளிலிருந்து அவள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள். அம்பலவாணன் தரையைப் பார்த்தபடி, "ஓம்" என்றார்.

ஐந்தாம் திருவிழா அமர்க்களமாக நடந்தது. தவநாயகி கூறைச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அம்பலவாணன் முதல் நாளே சவர்க்காரம் போட்டு உரஞ்சி முழுகி, தலைமயிரை எண்ணெய் வைத்து மட்டமாக வாரியிருந்தார். மண்டபத்துச் சுவரில் பூரணியின் படத்துக்கு யாரோ புதிதாகப் பொட்டு வைத்திருந்தார்கள். போகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். உண்மை தெரிந்த பரமேஸ்வரனும் ஒற்றினார்.

குருக்கள் பரிவட்டத்தோடு கிட்ட வந்தார். நெற்றியில் துணியைச் சரியாகச் சுற்றுவதற்காக, இரண்டு விரலால் அம்பலவாணனின் நாடியை மெல்ல உயர்த்தினார். அம்பலவாணனின் கால்கள் தாமாக விலகி ஊன்றின. முதுகு நிமிர்ந்தது. எழும்பிச் சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. மேளம் முழங்கியது. அவர் அசையாமல் நின்றார். பரமேஸ்வரன் பக்கத்தில் வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். படம் எடுத்தார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது தவநாயகி பிரசாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பல வருசத்துக்குப் பிறகு வாய் நிறையச் சிரித்தாள். "எல்லாம் வடிவாய்த்தான் நடந்தது. பரிவட்டம் கட்டேக்க மட்டும் ஏனப்பா அப்பிடிக் காலை அகட்டி, விறைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

அம்பலவாணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "அப்பிடித்தானே நிக்கப் பழக்கிறது."